பாத்திரத்தில் எழுதிய பெயர்கள்

(குறுவளமையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடநூலில் இல்லாத ஒரு பொருளைக் கொண்டு பாடநூலில் இருக்கும் ஒரு பாடத்தை நடத்துவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் பித்தளைப் பாத்திரம். இடைக்கால ஈரான், ஈராக், சிரியா, எகிப்து ஆகிய பகுதிகளில் செய்யப்பட்ட, வெள்ளி பதித்த பித்தளைப் பாத்திரங்கள். நடத்தவேண்டிய பாடம் ஏழாம் வகுப்பில் வரும் டெல்லி சுல்தானியம்.

இந்தப் பாடத்தில் அடிமை வம்சம் என்று சொல்கிறோம். குத்புதீன் ஐபக், இல்துமிஷ், பால்பன் என்று பெயர்களை எழுதிப்போடுகிறோம். மம்லுக் என்ற அரபுச் சொல்லுக்கு ‘உடைமையாக்கப்பட்டவர்’, அதாவது அடிமை என்று பொருள் சொல்கிறோம். அதோடு அடுத்த தலைப்புக்குப் போய்விடலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும். “அடிமைன்னா எப்படி டீச்சர் ராஜா ஆனாங்க? மத்தவங்க எப்படி விட்டாங்க?” நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. இதற்குப் பதில் தேடும்போதுதான் எனக்கு இந்தப் பாத்திரங்கள் கிடைத்தன.

டெல்லியில் அடிமை வம்சம் ஆண்டது 1206 முதல் 1290 வரை. அது முடிவதற்கு முன்பே, 1250இல், எகிப்தின் கெய்ரோவில் இன்னொரு மம்லுக் ஆட்சி தொடங்கிவிட்டது. அது 1517 வரை நீடித்தது. கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளிகளிலிருந்தும், பிற்காலத்தில் காகசஸ் மலைப்பகுதியிலிருந்தும் சிறுவர்களை வணிகர்கள் கொண்டுவந்து விற்றார்கள். சுல்தான்களும் அமீர்களும் அவர்களை விலைக்கு வாங்கி, அரபு மொழியும் மார்க்கமும் குதிரையேற்றமும் வில்வித்தையும் கற்பித்துப் படைவீரர்களாக வளர்த்தார்கள். பயிற்சி முடிந்ததும் விடுதலை கிடைக்கும். அதன்பின் பதவி, நிலவருவாய், உயர்ந்தால் அமீர் பட்டம். மிகச் சிலருக்கு அரியணையும் கிடைத்தது.

விடுதலை பெற்ற இளைஞர்களில் சிலருக்கு அரண்மனையில் ஒரு பணி ஒதுக்கப்படும். ஒருவர் சுல்தானுக்குப் பானக்கோப்பை ஏந்துவார். ஒருவர் வாளைச் சுமப்பார். ஒருவர் எழுதுகோல் பெட்டியை வைத்திருப்பார். ஒருவர் ஆடைகளுக்குப் பொறுப்பு. ஒருவர் சுல்தானுக்கு முன்பே உணவைச் சுவைத்துப் பார்ப்பார். போலோ மட்டைகளுக்குப் பொறுப்பாகவும் ஓர் ஆள் உண்டு.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். இவர்கள் அமீர்களாக உயர்ந்தபோது தங்களுக்கென்று ஓர் இலச்சினை வைத்துக்கொண்டார்கள். அதற்கு ‘ரன்க்’ என்று பெயர். நிறம் என்று பொருள்படும் ‘ரங்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. இந்தியில் ‘ரங்’ என்கிறார்களே, அதே சொல்தான். வட்டமான ஒரு கேடய வடிவம். அதற்குள் ஒரு படம். கோப்பை ஏந்தியவருக்குக் கோப்பை. வாள் சுமந்தவருக்கு வாள். எழுத்தருக்கு எழுதுகோல் பெட்டி. ஆடைப் பொறுப்பாளருக்குச் சாய்சதுரமாக வரைந்த ஒரு துணி. சுவைத்துப் பார்த்தவருக்கு உணவு மேசை. கட்டடத்தின் வாயிலில், விளக்கில், மட்பாண்டத்தில், பித்தளைப் பாத்திரத்தில் என்று அவர்களுடைய எல்லாப் பொருள்களிலும் இந்தச் சின்னம் இடம்பெற்றது.

ஐரோப்பியப் பிரபுக்களின் இலச்சினைகளைத் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் குடும்பத்தைச் சேர்ந்தவை. தந்தையிடமிருந்து மகனுக்கு வருபவை. மம்லுக்குகளின் சின்னம் அடிப்படையில் ஒருவர் அரண்மனையில் ஏற்ற பணியைக் காட்டியது. மகன்கள் தந்தையின் சின்னத்தைப் பயன்படுத்தியதும் உண்டு. ஆனால் மம்லுக்கின் மகன் அடிமையாக வாங்கப்பட்டவன் அல்லன், சுதந்திரமாகப் பிறந்தவன். அதனாலேயே தந்தை ஏறிய அந்தப் படிக்கட்டு அவனுக்குப் பொதுவாகத் திறந்திருக்கவில்லை. விதிவிலக்குகள் இருந்தன, கலாவூன் என்ற சுல்தானின் வழிவந்தவர்கள் பல பத்தாண்டுகள் ஆண்டார்கள். ஆயினும் உயர்ந்த பதவிகளுக்குப் பெரும்பாலும் புதிதாக வாங்கிப் பயிற்றுவிக்கப்பட்டவர்களே வந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டு மனிதர்களைச் சொல்கிறேன். வகுப்பில் இவர்கள் கதை நன்றாக எடுபடுகிறது.

முதலாமவர் அய்தகீன். வில் ஏந்தும் பணி செய்தவர். அந்தப் பணிக்குப் ‘புந்துக்தார்’ என்று பெயர். இவர் ஓர் இளைஞனை அடிமையாக வைத்திருந்தார். அந்த இளைஞன்தான் பைபார்ஸ். 1260இல் அய்ன் ஜாலூத் போரில் மங்கோலியப் படையை முறியடித்த எகிப்தியத் தளபதிகளில் ஒருவர், அதே ஆண்டில் சுல்தானானவர். சுல்தானான பிறகும் அவர் பெயரோடு ‘புந்துக்தாரி’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டே இருந்தது. ‘புந்துக்தாரின் ஆள்’ என்று பொருள். தன்னை விலைக்கு வாங்கியவரின் பதவிப்பெயரைச் சுல்தான் சுமந்தார். பழைய எசமானரோ தம் பழைய அடிமையின் கீழ் அமீராகப் பணியாற்றினார். அய்தகீனின் கல்லறைக்காகச் செய்யப்பட்ட கண்ணாடி விளக்கு ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சிவப்பு வட்டத்துக்குள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டியபடி இரண்டு பொன்னிற விற்கள். பைபார்ஸுக்கு வேறு சின்னம். நடந்து வரும் சிங்கம். அவருடைய நாணயங்களிலும் அவர் கட்டிய பாலத்திலும் அந்தச் சிங்கத்தைப் பார்க்கலாம்.

இரண்டாமவர் கித்புகா. பிறப்பால் மங்கோலியர். எந்தப் படையை எகிப்து எதிர்த்துப் போரிட்டதோ அந்தப் படையின் இனத்தவர். எகிப்தில் அடிமையாகி, அமீராகி, 1294இல் சுல்தானாகி, 1296இல் பதவி இழந்தவர். அமீராக இருந்த காலத்தில் அவருக்காகச் செய்த மெழுகுவர்த்தித் தண்டு ஒன்று இன்று இரண்டு துண்டுகளாக இருக்கிறது. கழுத்துப் பகுதி கெய்ரோவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில். அடிப்பகுதி அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில். கழுத்தில் உள்ள எழுத்துகளை உற்றுப் பார்த்தால் அவை மனித உருவங்கள். ஆட்களே எழுத்துகளாக நிற்கிறார்கள். அடிப்பகுதியில் இருக்கும் சின்னம் கோப்பை. ஒரு காலத்தில் கோப்பை ஏந்தி நின்றதை அவர் மறைக்கவில்லை. தம் வீட்டு விளக்கிலேயே வெள்ளியில் பதித்து வைத்துக்கொண்டார்.

இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும், நண்பர்களே. இதைக் கேட்கும் பிள்ளைகள் ‘அப்போ அடிமையா இருக்கிறது நல்லதுதானா’ என்று நினைத்துவிடக் கூடாது. பெற்றோரிடமிருந்து பிரித்து, கடல் கடத்தி, சந்தையில் விற்ற சிறுவர்கள் அவர்கள். அரியணை ஏறியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் படைவீரர்களாகவே வாழ்ந்து மடிந்தார்கள். படையில் சேராத, வீட்டு வேலைக்கு வாங்கப்பட்ட அடிமைகளுக்கு இலச்சினையும் இல்லை, விளக்கும் இல்லை. கோப்பைச் சின்னமும் உழைப்பின் பெருமைக்காக வரைந்தது அல்ல. ‘நான் சுல்தானுக்கு எவ்வளவு அருகில் நின்றவன் தெரியுமா’ என்று சொல்வதற்காக வரைந்தது. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படியானால் உண்மையில் உழைத்தவர் எங்கே? அதற்கும் பாத்திரத்திலேயே பதில் இருக்கிறது.

முதலில் வேலை எப்படி நடந்தது என்று பார்ப்போம். பித்தளையைத் தட்டியோ வார்த்தோ பாத்திரத்தின் வடிவம் செய்வார்கள். மேற்பரப்பில் கோடு கீறிப் படம் வரைவார்கள். பிறகு உளியால் அந்த இடங்களைச் சிறிது ஆழத்துக்கு வெட்டி எடுப்பார்கள். பள்ளத்தின் விளிம்பை உள்பக்கமாகச் சரித்து வெட்டுவதில்தான் நுட்பம் இருக்கிறது. மெல்லிய வெள்ளித் தகட்டைப் பள்ளத்தின் அளவுக்கு நறுக்கி உள்ளே வைத்துத் தட்டினால், அது அந்தச் சரிவுக்குள் புகுந்து இறுகிக்கொள்ளும். பற்றவைப்பு இல்லை. பிறகு வெள்ளியின் மேல் நுண்ணுளியால் கண், மூக்கு, ஆடை மடிப்பு எல்லாம் செதுக்குவார்கள். மிச்சமிருக்கும் பின்னணியில் கரிய கலவை பூசுவார்கள். மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று மூன்று நிறம். தொடக்கத்தில் வெள்ளியோடு செம்பும் பதித்தார்கள். பின்னாளில் செம்பின் இடத்தைத் தங்கம் பிடித்தது.

இந்தக் கலை ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில் செழித்தது. அங்கே 1163இல் செய்த வாளி ஒன்று ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாப்ரின்ஸ்கி வாளி என்பார்கள். அதில் நான்கு பேருடைய பெயர் இருக்கிறது. செய்யச் சொன்னவர், வடிவம் செய்தவர், பதிப்பு வேலை செய்தவர், பெற்றுக்கொண்டவர். வேலையைப் பிரித்துச் செய்திருக்கிறார்கள், இருவருமே பெயர் போட்டிருக்கிறார்கள். பதிப்பு வேலை செய்தவர் பெயர் மஸ்ஊத் இப்னு அகமது. ஹெராத்தின் சித்திர வேலைக்காரர் என்று தம்மைச் சொல்லிக்கொள்கிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஈராக்கின் மோசூல் நகரம் இந்த வேலைக்குப் பேர் பெற்றது. அங்கே அதிகாரம் செலுத்திய பத்ருத்தீன் லுலுவும் அடிமையாக வந்தவர்தான். லுலு என்றால் முத்து. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பிளாக்காஸ் கூஜா என்று ஒன்று இருக்கிறது. 1232இல் மோசூலில் ஷுஜா இப்னு மன்ஆ என்பவர் செய்தது என்று கழுத்திலேயே எழுதியிருக்கிறது. மோசூலில் செய்யப்பட்டது என்று வெளிப்படையாகச் சொல்லும் பதிப்பு வேலைப் பாத்திரம் நமக்குக் கிடைத்தவற்றில் இது ஒன்றுதான். அங்கிருந்து டமாஸ்கஸுக்கும் கெய்ரோவுக்கும் இடம்பெயர்ந்த கைவினைஞர்கள் தங்கள் பெயருக்குப் பின்னால் ‘மோசூல்காரர்’ என்று போட்டுக்கொண்டார்கள். ஊர்ப் பெயர் தரத்துக்கு முத்திரையாக ஆகிவிட்டது. பத்தமடைப் பாய், காஞ்சிப் பட்டு என்று நாம் சொல்வதைப் போல.

இனி நான் மிகவும் விரும்பும் பாத்திரம். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. சுமார் அரை மீட்டர் அகலமுள்ள பித்தளைப் பாத்திரம். எகிப்திலோ சிரியாவிலோ பதினான்காம் நூற்றாண்டின் முற்பாதியில் செய்யப்பட்டது என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். வெளிப்புறத்தில் வட்டங்களுக்குள் குதிரை வீரர்கள். இடையிடையே வரிசையாக அமீர்களும் பணியாட்களும். கையில் வில், கோடரி, போலோ மட்டை. அரண்மனைப் பதவிகளின் ஊர்வலம் என்றே சொல்லலாம். உட்புறம் போரும் வேட்டையும். அடியில் மீன்களும் ஆமையும் நண்டும். தண்ணீர் ஊற்றினால் அவை நீந்துவதுபோல் இருக்கும்.

இவ்வளவு பெரிய வேலையில், யாருக்காகச் செய்தது என்ற குறிப்பு எங்கும் இல்லை. செய்தவர் பெயர் மட்டும் ஆறு இடங்களில் இருக்கிறது. முகம்மது இப்னு அல்-ஸைன். விளிம்பின் கீழே ஒரு முறை. மற்ற ஐந்தும் படத்துக்குள், அரியணையிலும் அங்கே வரைந்த கிண்ணங்களிலும். படத்துக்குள் இருக்கும் பொருள்களையும் தாமே செய்தவர்போல் பெயர் போட்டுவைத்திருக்கிறார். பணியாள் ஒருவர் ஏந்தியிருக்கும் தட்டு, உணவைச் சுமக்கும் பாத்திரம் நான் என்று தானே பேசுகிறது. விளிம்பின் கீழுள்ள கையெழுத்தில் அவர் தம்மை ‘முஅல்லிம்’ என்று குறிப்பிடுகிறார். கைத்தொழிலில் தேர்ந்த ஆசான் என்று பொருள். அரபியில் ஆசிரியருக்கும் அதே சொல்தான். நம் ஊர் மதரசாக்களில் ஓதிக்கொடுப்பவரையும் முஅல்லிம் என்றே அழைக்கிறார்கள்.

இந்தப் பாத்திரத்துக்கு ‘புனித லூயியின் ஞானஸ்நானப் பாத்திரம்’ என்று பெயர். ஆனால் புனித லூயி என்ற பிரெஞ்சு மன்னர் இறந்தது 1270இல். அவருக்கும் இதற்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை. எப்படியோ பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. 1606இல் பதின்மூன்றாம் லூயியின் ஞானஸ்நானத்துக்குப் பயன்பட்டது. பிரெஞ்சு அரச இலச்சினையும் பின்னாளில் அதில் சேர்க்கப்பட்டது. ஒருவர் செய்தார், வேறொருவர் சின்னம் வைத்தார், இன்னொருவர் பெயரால் அழைக்கப்படுகிறது. வரலாற்றுச் சான்றை எப்படி வாசிக்க வேண்டும் என்று கற்பிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

“இஸ்லாமியக் கலையில் உருவம் வரைய மாட்டாங்கதானே?” என்று ஆசிரியர்களே கேட்டிருக்கிறீர்கள். பள்ளிவாசல், குர்ஆன் பிரதி ஆகியவற்றில் உருவங்கள் இல்லை. வீட்டுப் பாத்திரங்களில் தாராளமாக இருந்தன. அமெரிக்காவின் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ள ஒரு பாத்திரம், 1240 முதல் 1249 வரை எகிப்தை ஆண்ட சுல்தான் அஸ்-ஸாலிஹ் அய்யூபின் பெயரைத் தாங்கியது. அதில் இயேசுவின் வாழ்க்கைக் காட்சிகள் வெள்ளியில் பதிக்கப்பட்டிருக்கின்றன. கெய்ரோவின் மம்லுக் படையைப் பெரிய அளவில் விலைக்கு வாங்கி உருவாக்கிய சுல்தானும் இவர்தான். ஒரு மதத்தைப் பற்றி ஒரு வரியில் சொல்லி முடிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் வகுப்பறையிலேயே விடவேண்டும். அதற்கு இந்த ஒரு படம் போதும்.

பதினைந்தாம் நூற்றாண்டின் வரலாற்று ஆசிரியர் மக்ரீஸி கெய்ரோவின் கடைத்தெருக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். முன்பெல்லாம் வெள்ளி பதித்த பித்தளைப் பாத்திரங்கள் இல்லாத வீடே அரிது என்றும், மணப்பெண்ணின் சீரில் அவை அடுக்கிய மேடை ஒன்று கட்டாயம் போகும் என்றும் சொல்கிறார். அவர் காலத்தில் அந்த வேலை குறைந்துபோனது. பழைய பாத்திரத்தை வாங்கி வெள்ளியைப் பெயர்த்தெடுத்து விற்றவர்களும் இருந்தார்கள். இன்று அருங்காட்சியகங்களில் பல பாத்திரங்களில் பள்ளம் மட்டும் இருப்பதைப் பார்க்கலாம்.

சீர் என்றதும் நம் வீடுகள் நினைவுக்கு வரும். என் வகுப்பில் செய்த செயல்பாடு அங்கிருந்துதான் தொடங்கியது. பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். தூக்குச் சட்டி, சொம்பு, எவர்சில்வர் குடம் எல்லாம் வந்தன. யார் பெயர், யார் கொடுத்தது, எந்த ஆண்டு, என்ன விசேஷம் என்று அட்டவணை போட்டோம். பாட்டியின் பெயரே அந்தச் சொம்பைப் பார்த்துத்தான் தெரியும் என்றான் ஒரு மாணவன். எல்லாரும் ‘அப்பாயி’ என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு மாணவி கேட்டாள். “வெட்டுனவங்க பேரு எதுலயுமே இல்லையே டீச்சர்?” அதன் பிறகுதான் முகம்மது இப்னு அல்-ஸைனின் ஆறு கையெழுத்துகளைத் திறன் பலகையில் காட்டினேன். வகுப்பே எழுந்து பலகையருகே வந்துவிட்டது.

அடுத்த நாள் ஒவ்வொருவரும் ஓர் இலச்சினை வரைய வேண்டும். இங்கே உங்களிடம் ஒரு வேண்டுகோள். ‘அப்பா அம்மா செய்யும் வேலையை வரை’ என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் பல வேலைகள் பிறப்போடு ஒட்டவைக்கப்பட்டவை. பெற்றோரின் வேலையைக் கேட்பது சில பிள்ளைகளுக்குச் சாதியைக் கேட்பதற்குச் சமம். அதனால் நான் கேட்டது இதைத்தான்: “உனக்கு எந்த வேலை நல்லா செய்யத் தெரியும்? அதுக்குரிய ஒரு பொருளை வட்டத்துக்குள் வரை.” சைக்கிள் பம்ப் வந்தது. பால் கறக்கும் செம்பு வந்தது. தம்பியைத் தூங்க வைக்கும் தொட்டில் வந்தது. தோசைக்கரண்டி வரைந்தவர்களில் இரண்டு பேர் பையன்கள். வாய்திறந்து வாசிக்கத் தயங்கும் ஒரு மாணவன் கொல்லுறு வரைந்திருந்தான். விடுமுறையில் சுவர் பூசப் பழகியிருக்கிறான். எத்தனை மூட்டை சிமெண்டுக்கு எவ்வளவு மணல் என்று வகுப்புக்கே அவன் விளக்கினான். படத்தின் கீழே ஒவ்வொருவரும் பெயர் எழுத வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

இந்தச் செயல்பாட்டுக்கு மூன்று பாடவேளை போதும். முதல் வேளையில் வீட்டுப் பாத்திரங்களும் அட்டவணையும். இரண்டாவதில் உலக வரைபடத்தில் ஹெராத், மோசூல், டமாஸ்கஸ், கெய்ரோ, டெல்லி ஆகியவற்றைக் குறித்து, டெல்லி, கெய்ரோ ஆட்சிகளை ஒரே காலக்கோட்டில் வரைவது. மூன்றாவதில் இலச்சினை. நான் சொன்ன அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் படங்கள் இருக்கின்றன. உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் பிள்ளைகளே தேடிப் பார்க்கலாம். வெள்ளியைப் பதிக்கும் வேலையை உயிரோடு காட்ட வேண்டுமென்றால் கர்நாடகத்தின் பீதர் நகரில் இன்றும் நடக்கும் பித்ரி வேலையின் காணொளியைப் போடலாம். அங்கே பித்தளைக்குப் பதில் துத்தநாகம் மிகுந்த கலவை. கறுப்பு ஏற்றப் பீதர்க் கோட்டையின் மண்.

‘அடிமை எப்படி ராஜா ஆனார்’ என்று கேட்ட பிள்ளைக்கு இப்போது நம்மால் விரிவாகப் பதில் சொல்ல முடியும். வாங்கப்பட்டார், பயிற்றுவிக்கப்பட்டார், ஒரு பணியில் நின்றார், அதிகாரத்துக்கு அருகில் இருந்ததால் உயர்ந்தார், உயர்ந்தபின் அந்தப் பணியையே தம் அடையாளமாக்கிக்கொண்டார். அவருக்குப் பாத்திரம் செய்து கொடுத்தவருக்கு அப்படி ஒரு சின்னம் கிடைக்கவில்லை. ஆகவே கிடைத்த இடத்தில் தம் பெயரை எழுதிக்கொண்டார். அரசர்களின் பெயர்களைத் தேர்வுக்காகப் படிக்கும் நம் பிள்ளைகள் மஸ்ஊத், ஷுஜா, முகம்மது ஆகிய மூன்று கைவினைஞர்களின் பெயர்களையும் தெரிந்துகொள்ளட்டும். கேள்வித்தாளில் வராது. இருந்தாலும் தெரிந்துகொள்ளட்டும்.